ஈரத் தீவனமும் கம்ப்யூட்டர் கணக்கும் – தண்ணீருக்குக் காசு கொடுக்கலாமா?



நம் குழுக்களில் கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்கள் அதிகம். மாடு வாங்குவது ஒரு நாள் செலவு. தீவனம் போடுவது தினமும் செலவு. பால் காசில் பெரும் பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. மிச்சம் இருப்பதில்தான் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு எல்லாம். அதனால் தீவனத்தில் ஒரு ரூபாய் மிச்சமானாலும் அது நம் கையில் நிற்கிற காசு.

இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் தீவனக் கணக்குப் போடும் வசதி வந்துவிட்டது. எந்த மாட்டுக்கு எதை எத்தனை கிலோ போட்டால் சத்தும் சரியாக இருக்கும், செலவும் குறையும் என்று அது சொல்லிவிடும். ஆனால் நம்ம பக்கம் கிடைக்கிற ஈரத் தீவனங்களை அதில் ஏற்றும்போதுதான் கணக்கு தடம் புரள்கிறது. அதைச் சரியாக ஏற்றுவது எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

நெல்லுக்கு ஒரு நியாயம், தீவனத்துக்கு ஒரு நியாயமா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டு போனால் முதலில் என்ன பார்க்கிறார்கள்? ஈரப்பதம். 17 சதவீதம் என்பது வரம்பு. மழைக் காலத்தில் அரசு இதைத் தளர்த்துவதும் உண்டு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் "காய வைத்துக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பால் சொசைட்டியிலும் அப்படித்தான். பாலில் தண்ணீர் சேர்ந்தால் லாக்டோமீட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

விற்கும்போது நம்மிடம் தண்ணீரைக் கணக்குப் பார்க்கிறார்கள். நாம் வாங்கும்போது பார்க்கிறோமா? "மூட்டைத் தீவனம் கிலோ 28 ரூபாய், பீர் கழிவு கிலோ 6 ரூபாய்தானே!" என்று வாங்கிப் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு கிலோவில் தண்ணீர் எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

தீவனத்தில் உள்ள தண்ணீரை எல்லாம் நீக்கிவிட்டால் மீதி நிற்பதுதான் உலர் எடை. புரதம், மாவு, நார், தாது உப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மாட்டுக்குச் சத்து கொடுப்பது இதுதான்.

நம்ம பக்கத் தீவனங்களில் உலர் எடை

ஸ்ரீரங்கம் தீவு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. தீவிலும் இரு கரையிலும் வாழைதான். லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கமும் அப்படியே. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993-ல் திருச்சியில்தான் அமைந்தது. தார் வெட்டின பிறகு மரம் சும்மா கிடைக்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் இலையும் கழிவுக் காய்கறியும் கிடைக்கின்றன. வரப்போரம் கோ-4 புல் இருக்கிறது. சிலர் தொட்டியில் அசோலா வளர்க்கிறார்கள். எல்லாமே ஈரத் தீவனம்.

ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவில் உலர் எடை தோராயமாக எவ்வளவு என்று பாருங்க.

வைக்கோல் – 900 கிராம்
மூட்டைத் தீவனம், தவிடு, புண்ணாக்கு – சுமார் 900 கிராம்
கோ-4 புல் – 200 கிராம்
பீர் கழிவு என்கிற பார்லி சக்கை – 200 முதல் 250 கிராம்
முட்டைக்கோஸ் இலை – 100 கிராமுக்கும் குறைவு
வாழைமரத் தண்டு – 60 கிராம்
அசோலா – 60 கிராம்

பத்துக் கிலோ வாழைத்தண்டை நறுக்கிப் போட்டால் மாட்டுக்கு 600 கிராம் உலர் எடைதான் போகிறது. மீதி 9 கிலோவுக்கு மேல் தண்ணீர். அதில் உள்ள புரதம் 25 கிராம் அளவுக்குத்தான் தேறும். மாட்டின் வயிறு நிறைந்துவிடும், ஆனால் மடி நிறையாது.

அசோலாவும் அப்படியே. உலர்ந்த நிலையில் அதில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது உண்மை. ஆனால் தினம் போடுகிற 2 கிலோ பச்சை அசோலாவில் உலர் எடை 120 கிராம், புரதம் 28 கிராம் அளவு. இது சுமார் 140 கிராம் மூட்டைத் தீவனத்தில் உள்ள புரதத்துக்குச் சமம். செலவில்லாமல் வளர்ந்தால் நல்லதுதான், போடுங்க. ஆனால் அதை நம்பி ஒரு கிலோ மூட்டைத் தீவனத்தைக் குறைக்காதீங்க.

கம்ப்யூட்டர் என்ன கணக்குப் போடுகிறது?

சத்தும் குறையக் கூடாது, செலவும் கூடக் கூடாது. இந்தக் கணக்கு பழையது. 1945-ல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 77 உணவுப் பொருள்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தைக் குறைந்த செலவில் கொடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டார். 1947-ல் அதே கணக்கைப் புது முறையில் போட்டுப் பார்த்தார்கள். மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்து 9 பேர் செய்த அந்த வேலை, ஒரு ஆள் 120 நாள் பார்க்கும் வேலைக்குச் சமம். 1951-ல் பிரெடரிக் வா என்பவர் இதைப் பால்மாட்டுத் தீவனத்துக்குக் கொண்டு வந்தார். அன்று மாதக் கணக்கில் இழுத்த வேலையை இன்று கம்ப்யூட்டர் நொடியில் முடிக்கிறது.

நம் நாட்டில் தேசிய பால்வள வாரியம் இதற்கென மென்பொருள் செய்தது. 2012-ல் தொடங்கி 2019-ல் முடிந்த தேசிய பால்வளத் திட்டத்தின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் சரிவிகிதத் தீவனத் திட்டம் நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் வீட்டுக்கே வருவார். மாட்டின் காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை போட்டு, நெஞ்சுச் சுற்றளவை டேப்பில் அளந்து, வீட்டில் என்ன தீவனம் இருக்கிறது என்று கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி "இதை இவ்வளவு போடுங்க" என்று சொல்வார். தனி மென்பொருள் இல்லாவிட்டாலும், நம் கணக்காளர்கள் பயன்படுத்துகிற எக்செல் கணக்குத் தாளில் 'சால்வர்' என்ற வசதி இருக்கு. அதிலும் இந்தக் கணக்கைப் போடலாம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு மாட்டைத் தெரியாது, தீவனத்தையும் தெரியாது. நாம் கொடுத்த எண்தான் அதற்குத் தெரியும். ஈரத்தைச் சொல்லாமல் விட்டால் தண்ணீரையும் சத்து என்றே நினைத்துக்கொள்ளும்.

ஏற்றுவது எப்படி? படிப்படியாகப் பார்ப்போம்

முதல் படி: மாட்டின் எடை. "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்பார்கள். தீவனமும் மாட்டுக்கு மாடு வேறுதான். எடை போட மெஷின் வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்க. தோள் முனையில் இருந்து பின்னிடுப்பு எலும்பு வரை நீளத்தை எடுங்க. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. அதோடு எத்தனை லிட்டர் கறக்கிறது, கொழுப்பு எவ்வளவு, எத்தனை மாதச் சினை என்பதையும் ஏற்றணும்.

இரண்டாம் படி: ஈரத்தை அளப்பது. மேலே சொன்ன அளவுகள் தோராயம்தான். உங்கள் புல்லில் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். ஒரு கிலோ புல்லைப் பொடியாக நறுக்கி, துணியில் பரப்பி, நல்ல வெயிலில் நொறுங்கும் வரை காய வையுங்க. எடை இனிமேல் குறையவில்லை என்றதும் நிறுத்துப் பாருங்க. 220 கிராம் நிற்கிறது என்று வையுங்க. வெயிலில் காய்ந்ததிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். அதைக் கழித்தால் 198 கிராம். ஆக உலர் எடை 20 சதவீதம். மழைக்குப் பிறகு அறுத்த புல், புதுசாக வந்த பீர் கழிவு லோடு, இவற்றுக்கு மறுபடியும் அளக்கணும். ஒரு வருஷத்துக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

மூன்றாம் படி: சத்து எண்களை ஏற்றுவது. இங்கேதான் கவனம் வேண்டும். சத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். கோ-4 புல்லில் புரதம் 10 சதவீதம் என்றால் அது உலர் எடையில். அதே புல்லைப் பச்சையாக நிறுத்தால் 2 சதவீதம்தான். இரண்டும் சரி. ஆனால் மூட்டைத் தீவனப் பையில் 20 சதவீதம் என்று போட்டிருப்பது பையில் உள்ள தீவனத்தை அப்படியே நிறுத்த கணக்கு. அதை உலர் எடைக்கு மாற்றினால் 22 சதவீதம் ஆகும். ஒரு தீவனத்தை உலர் கணக்கிலும் இன்னொன்றை ஈரக் கணக்கிலும் ஏற்றினால், படியையும் மரக்காலையும் ஒன்றாகக் கூட்டின கதைதான். எல்லாவற்றையும் உலர் எடைக் கணக்குக்குக் கொண்டு வந்து ஏற்றுங்க. உலர் எடை எத்தனை சதவீதம் என்பதைத் தனிக் கட்டத்தில் கொடுங்க.

நான்காம் படி: விலை. மென்பொருள் கேட்பது ஈர எடைக்கான விலையா, உலர் எடைக்கான விலையா என்று பார்க்கணும். உலர் எடைக்கு என்றால், வாங்கின விலையை 100-ஆல் பெருக்கி உலர் சதவீதத்தால் வகுக்கணும். பீர் கழிவு 6 ரூபாய், உலர் எடை 20 சதவீதம் என்றால், உலர்ந்த ஒரு கிலோ 30 ரூபாய். மூட்டைத் தீவனம் 28 ரூபாய், உலர் எடை 90 சதவீதம் என்றால், உலர்ந்த ஒரு கிலோ 31 ரூபாய். 6-க்கும் 28-க்கும் எவ்வளவு தூரம்! 30-க்கும் 31-க்கும் எவ்வளவு தூரம்! (இந்த விலைகள் எல்லாம் கணக்குக்காகச் சொல்வது. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்க. வண்டி வாடகையையும் சேர்க்க மறக்காதீங்க.)

ஐந்தாம் படி: வரம்பு. வரம்பு கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் மலிவான ஒன்றையே மலை போலப் போடச் சொல்லும். மாடு ஒரு நாளில் தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரைதான் உலர் எடையாகத் தின்னும். 400 கிலோ மாடு என்றால் 10 முதல் 12 கிலோ. இதை மேல் வரம்பாக வையுங்க. பீர் கழிவு மொத்த உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. புல், வைக்கோல் இரண்டும் சேர்ந்து குறைந்தது 40 சதவீதம் இருக்கணும். நார் குறைந்தால் பாலில் கொழுப்பு குறையும். கொழுப்பைப் பார்த்துத்தானே நமக்கு விலை போடுகிறார்கள்! வாழைத்தண்டு போலத் தண்ணீர் மிகுந்ததற்கு ஈர எடையிலும் ஒரு வரம்பு வைப்பது நல்லது.

ஆறாம் படி: திரும்ப ஈர எடைக்கு மாற்றுவது. கம்ப்யூட்டர் "கோ-4 புல் 4 கிலோ" என்று காட்டினால், அது உலர் எடையா என்று பாருங்க. உலர் எடை என்றால் தராசில் நிறுக்க வேண்டியது 20 கிலோ. இதை மாற்றாமல் 4 கிலோ புல்லைப் போட்டால் மாடு பட்டினி.

ஒரு சின்னச் சோதனை

மென்பொருள் ஈரத்தைச் சரியாக எடுத்துக்கொண்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கோ-4 புல்லை மட்டும் 10 கிலோ என்று ஏற்றி, புரதம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்க.

200 கிராம் காட்டினால் – சரி.
1,000 கிராம் காட்டினால் – ஈரத்தைக் கழிக்கவே இல்லை.
40 கிராம் காட்டினால் – ஈரத்தை இரண்டு தடவை கழித்திருக்கிறது. அதாவது பச்சைக் கணக்கான 2 சதவீதத்தை ஏற்றிவிட்டு, உலர் சதவீதத்தையும் கொடுத்திருக்கிறோம்.

முதல் வகைத் தப்பில் மாடு இளைக்கும். இரண்டாம் வகைத் தப்பில் தேவையில்லாமல் புண்ணாக்கு வாங்கி நம் காசு இளைக்கும்.

ஒரு மாட்டுக் கணக்கு

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு, தினம் 8 லிட்டர் கறக்கிறது என்று வையுங்க. அதற்குத் தோராயமாக 1,090 கிராம் புரதம் வேண்டும். உடம்புக்கு 370 கிராம், லிட்டருக்கு 90 கிராம் வீதம் பாலுக்கு 720 கிராம். செரிக்கும் சத்து மொத்தம் சுமார் 5.7 கிலோ வேண்டும்.

கோ-4 புல் 20 கிலோ – உலர் எடை 4 கிலோ, புரதம் 400 கிராம்
வைக்கோல் 4 கிலோ – உலர் எடை 3.6 கிலோ, புரதம் 126 கிராம்
மூட்டைத் தீவனம் 3 கிலோ – உலர் எடை 2.7 கிலோ, புரதம் 600 கிராம்

மொத்தம் உலர் எடை 10.3 கிலோ, புரதம் 1,126 கிராம். செரிக்கும் சத்தும் 5.7 கிலோவுக்குச் சரியாக வருகிறது. இதோடு தாது உப்புக் கலவை தனி.

இப்போது ஒரு கிலோ மூட்டைத் தீவனத்தைக் குறைத்துவிட்டுப் பீர் கழிவு போடலாம் என்று நினைக்கிறோம். ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்று மாற்றினால் என்ன ஆகும்? போனது 200 கிராம் புரதம், வந்தது 50 கிராம். குறைந்த 150 கிராம், ஒன்றரை லிட்டர் பாலுக்கு வேண்டிய புரதத்துக்கும் அதிகம். "தீவனச் செலவு குறைஞ்சுது, ஆனா பாலும் குறைஞ்சுபோச்சே" என்று புலம்புவது இங்கேதான்.

சரியாக மாற்ற 4.5 கிலோ பீர் கழிவு வேண்டும். 6 ரூபாய் விலைக்கு 27 ரூபாய் ஆகும். 28 ரூபாய்த் தீவனத்துக்குப் பதில் 27 ரூபாய். மிச்சம் ஒரு ரூபாய். விலை 7 ரூபாய் ஆனால் 31.50 ரூபாய், நஷ்டம்தான். வந்த லோடு தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்து, உலர் எடை 15 சதவீதமே இருந்தால் 6 கிலோ போடணும். 36 ரூபாய். ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் நஷ்டம், மாதம் 240 ரூபாய். இரண்டு மாடு வைத்திருந்தால் 480 ரூபாய். மலிவு என்று வாங்கினதில் இவ்வளவு ஓட்டை.

ஈரத் தீவனம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. விலை சரியாக இருந்தால் அது நல்ல தீவனம்தான். விலை சரியா என்பதைத் தராசு மட்டும் சொல்லாது. உலர் எடைதான் சொல்லும்.

கம்ப்யூட்டர் சொல்லாத விஷயங்கள்

பீர் கழிவு நம்ம வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். பூஞ்சை பிடித்தது, புளித்து நாறுவது எதையும் மாட்டுக்குப் போடாதீங்க. கம்ப்யூட்டருக்கு வாசனை தெரியாது, நமக்குத் தெரியும்.

மார்க்கெட் கழிவில் பிளாஸ்டிக் பை, கயிறு, ரப்பர் வளையம் இருக்கும். கையால் பிரித்துப் பார்த்த பிறகே போடணும்.

சோறு, அரிசிக் கஞ்சி, மரவள்ளித் திப்பி போன்றவற்றை ஒரே நாளில் நிறையப் போட்டால் வயிற்றில் அமிலம் சேர்ந்து மாடு தீவனம் எடுக்காமல் படுத்துவிடும். உயிருக்கே ஆபத்து. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்க.

ஈரத் தீவனம் போடுகிறோம் என்று தண்ணீர் வைக்காமல் இருக்காதீங்க. தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கணும்.

மாற்றின பிறகு பத்து நாள் பாலையும் கொழுப்பையும் நோட்டில் எழுதுங்க. கணக்கு சரியா என்று மாடே பதில் சொல்லிவிடும்.

குழுவாகச் செய்தால் சுலபம்

ஒவ்வொரு வீட்டிலும் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சின்னத் தராசு, ஒரு டேப், ஒரு நோட்டு போதும். உறுப்பினர்கள் மாட்டின் அளவையும் தீவனத்தின் உலர் எடையையும் எழுதிக் கொடுத்தால், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு சகோதரி ஏற்றிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

பீர் கழிவோ திப்பியோ லோடாக வாங்கும்போது சேர்ந்து வாங்குங்க. லோடு இறங்கும்போதே ஒரு கிலோ எடுத்துக் காய வைத்து உலர் எடையைப் பாருங்க. அதை நோட்டில் எழுதி, அடுத்த தடவை விலை பேசும்போது வியாபாரி முன்னால் வையுங்க. "போன லோடில் இவ்வளவுதான் சரக்கு நின்றது" என்று எழுத்தில் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சந்தேகம் வந்தால் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலும், திருச்சியில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடமும் கேளுங்க. தீவனத்தைப் பகுத்துப் பார்க்கணும் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது.

இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுத் தீவனம் ஒன்றைக் காய வைத்து, ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் நின்றது என்று எழுதிக் கொண்டு வாங்க. பத்துப் பேர் கொண்டு வந்தால் நம் ஊருக்கென்று ஒரு தீவனப் பட்டியலே தயாராகிவிடும். அதைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றணும். பாலில் தண்ணீர் கலந்தால் காசு குறைக்கிறார்கள் அல்லவா? தீவனத்தில் இருக்கிற தண்ணீருக்கு நாமும் காசைக் குறைத்துக் கேட்போம்!